மல்லிகாவின் போனுக்கு வந்த தீ

மாலை மூன்று நாற்பதுக்கு எங்கள் தெருவில் ஒரு போன் அடித்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய போன். நான்கு வீடு தள்ளி மல்லிகாவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் நான். மெஷின்களுக்கு நடுவே நின்று, கோணலாகப் போன ஒரு தையலைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். பிறகு எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

மல்லிகா என் கொழுந்தனாரின் மனைவி. எனக்கு ஓர்ப்படி. போன் வந்ததும் ஆட்டோ பிடித்து கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டாள். செக்யூரிட்டி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போனபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தோல் ஏற்றிய வண்டி ஒன்று உள்ளே வர ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சொல்றத முழுசா கேளு. வினோவுக்கு ஒண்ணும் ஆவல. நல்லா இருக்கா. அவ போன வண்டில தீ புடிச்சிக்கிச்சாம். கைல காயம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்க. பேசுறாளாம், ஒக்காந்திருக்காளாம்."

வினோவைப் பெற்றவள் என்ன கேட்டிருக்க வேண்டும்? எந்தக் கை, எவ்வளவு காயம், எந்த ஆஸ்பத்திரி. நான் கேட்டது இதுதான்:

"உனக்கு யார் சொன்னது?"

"சுரங்கத்துலருந்து போன் பண்ணாங்க."

"உனக்கா?"

"ஆமாக்கா."

"உன் நம்பர் அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாக்கா நீ. இப்ப அதா பேச்சு? மொதல்ல ஒக்காரு."

செக்யூரிட்டி தன் நாற்காலியைத் தள்ளிவைத்தார். உட்கார்ந்தேன்.

ஆம்பூர்ப் பெண்ணுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை

சில வாரங்களுக்கு முன் என் மகள் வினோதினி ஒடிசாவில் ஒரு இரும்புத் தாது சுரங்கத்தில் வேலை பார்க்கிறாள் என்று இதே பத்தியில் எழுதியிருந்தேன். பெண்பிள்ளையைப் பூமிக்கு அடியில் அனுப்பிவிட்டீர்களா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள்.

அது பூமிக்கு அடியில் இல்லை. மலையை மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்குகிற திறந்த சுரங்கம். அங்கே தாது ஏற்றிப் போகிற டம்பர் லாரிகள் ஒவ்வொன்றும் நம் ஊர் மாடி வீட்டு உயரம். டிரைவர் ஏணி பிடித்துத்தான் தன் சீட்டுக்கு ஏற வேண்டும். அந்த வண்டிகளில் தீப்பிடித்தால் தானாக அணைக்கிற அமைப்பைப் பொருத்துவதும் பராமரிப்பதும் வினோவின் வேலை.

முதல் லீவில் வந்தபோது சமையலறையில் நின்று எனக்கு விளக்கினாள். என்ஜினைச் சுற்றி விரல் தடிமனில் ஒரு சிவப்புக் குழாய் ஓடும். உள்ளே காற்றழுத்தம். எங்கேயாவது சூடு எக்கச்சக்கமாக ஏறினால் அந்த இடத்தில் குழாய் உருகி ஓட்டை விழும். அழுத்தம் இறங்கியதும் சிலிண்டர் திறந்து, என்ஜின் மேல் பவுடர் பீய்ச்சி அடிக்கும். அது நடக்காவிட்டால் டிரைவர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருக்கிற பின்னைப் பிடுங்கிவிட்டுக் கையால் ஓங்கி அடிக்க வேண்டும்.

"மனுஷனுக்கு முன்னாடி அந்தக் குழாய்க்குத் தெரிஞ்சிடும்மா" என்றாள். குரலில் ஒரு பெருமை. சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

எங்கள் கம்பெனியில் தீயணைப்புச் சிலிண்டர் மாட்டிய கொக்கியில் டிபன் பையை மாட்டுவார்கள். மழை நாளில் குடை தொங்கும். நானும் மாட்டியிருக்கிறேன். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

பெயரைச் சொல்லிவிடுகிறேன்

கம்பெனி கேட்டில் எனக்கு வந்தது பொறாமை. வேறு பெயர் வைத்துச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை.

மல்லிகாவுக்கும் ஒரு பெண். ஸ்வேதா. எங்கள் கம்பெனியிலேயே டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் மாலை எனக்கு அடுத்த கம்பெனி பஸ்ஸில் வந்து தெருமுனையில் இறங்குவாள். "மா, காபி" என்று அவள் கத்துவது என் வாசல்வரை கேட்கும். அந்த நேரத்தில் நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும்.

அது ஒரு பொறாமை. இன்னொன்று பழையது.

வினோ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஷிப்ட் வேலை. மல்லிகாவிடம்தான் விட்டுவிட்டுப் போவேன். மாலையில் தூக்க வந்தால் குழந்தை என்னிடம் வராது. மல்லிகாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "அம்மா வந்துட்டாங்க பாரு கண்ணு, போ" என்று மல்லிகா பிரித்துத் தருவாள். கொடுக்கிற இடத்தில் அவள், வாங்குகிற இடத்தில் நான்.

பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். மல்லிகா பத்தாவதோடு நிறுத்தியவள். ஆனால் வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்ததால் உருது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்திக்காரன் யார் வந்தாலும் பத்து நிமிஷத்தில் தோஸ்த் ஆகிவிடுவாள். எனக்கு "தோடா தோடா"வுக்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வினோ என்னோடு பேசினால் "சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன்." மல்லிகாவோடு பேசினால் மல்லிகா ஒரு கூடைப் பூவைக் கட்டி முடித்துவிடுவாள். அங்கே எந்த டிரைவருக்குக் குழந்தை பிறந்தது, மெஸ்ஸில் கத்தரிக்காயை என்ன பாடு படுத்துகிறார்கள் எல்லாம் எனக்கு மல்லிகா சொல்லித்தான் தெரியும். என் மகளைப் பற்றிய செய்தி எனக்கு எப்போதும் ஒரு கை மாறித்தான் வரும்.

தோல் கேட்டாள்

அதனால்தான் தீப்பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வினோ வீடியோ காலில் வந்தாள். என் போனுக்கு. பின்னால் செம்மண் பூசிய ஒரு ராட்சதச் சக்கரம். சிவப்புக் குழாயின் ஒரு துண்டைக் காட்டினாள். ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இது ஒரு இரும்புப் பட்டைல உரசிக்கிட்டே இருக்கும்மா. ஓட்டையாச்சுன்னா தீயே இல்லாம பவுடர் எல்லாம் கொட்டிடும். புது கிளாம்பு வர நாளாவும். இங்க ரப்பர் சுத்துறாங்க, ரெண்டு நாள்ல பொசுங்கிப் போவுது. உன்கிட்ட கெட்டித் தோல் கெடைக்குமா?"

"எதுக்கு?"

"ஒரு சாண் நீளத்துக்கு உறை மாதிரி. தோல்ல தீ சீக்கிரம் பத்தாதுல்ல. வெல்டிங் பண்றவங்க கையுறைகூட தோல்தானே."

யோசித்துப் பாருங்கள். ரப்பர், துணி, தகரம் என்று யார் யாருக்கோ என்னென்னவோ தோன்றியிருக்கும். தோல் என்று தோன்ற ஆம்பூரில் பிறந்திருக்க வேண்டும். தோல் என்றதும் என் ஞாபகம் வந்திருக்கிறது. மல்லிகாவால் முறுக்கு அனுப்ப முடியும், ஊறுகாய் அனுப்ப முடியும். இதை அனுப்ப முடியாது.

மேனேஜரிடம் கேட்டு வெட்டிப்போட்ட துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து நானே நாலைந்து உறை தைத்தேன். இரட்டைத் தையல். குழாய் வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும், ஆனால் தளரக் கூடாது. ஓரத்தைச் சீவி மடித்து அடித்தேன். ஏற்றுமதிச் சரக்குக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

பார்சல் போனதும் வினோ படம் அனுப்பினாள். சிவப்புக் குழாயின் மேல் பழுப்பு நிறத்தில் என் உறை. 'சூப்பர் மா' என்று எழுதியிருந்தாள். நான் அந்தப் படத்தை மல்லிகாவிடம் காட்டினேன். ஒருமுறை இல்லை, இரண்டு முறை.

"சூப்பரா இருக்குக்கா. உன் கை வேலையே தனி" என்றாள். அவளுக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவள் வீடு, அவள் போன்

கம்பெனி கேட்டிலிருந்து நேராக மல்லிகா வீட்டுக்குத்தான் போனோம். வேறு எங்கே போவது? வினோவின் போன் வண்டிக்குள்ளேயே போய்விட்டது. செய்தி எது வந்தாலும் மல்லிகாவின் போனுக்குத்தான் வரும்.

அந்தப் போனுக்கு ஒரு பச்சை உறை. ஓரம் கிழிந்தது. அதைக் கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்து, சார்ஜரைச் செருகி, எதிரே உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்தப் போனை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

அடித்தது. நான்தான் பாய்ந்து எடுத்தேன். ஒரு ஆண் குரல் வேகமாக இந்தியில் பேசியது. "மேடம்" என்பது மட்டும் புரிந்தது. "வினோ? வினோதினி?" என்று கத்தினேன். அவர் இன்னும் வேகமாகப் பேசினார்.

மல்லிகா கையை நீட்டினாள். கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் நடந்துகொண்டே பேசினாள். "ஹாங் பாய்... அச்சா... ஷுக்ரியா பாய்." நடுவில் லேசாகச் சிரித்தாள்கூட. என் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இவள் சிரிக்கிறாள். போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

"இன்னா சிரிப்பு?" என்றேன், அவள் வைத்ததும்.

"அவரு சொல்றாரு, கட்டுப் போட விடாம டாக்டர்கிட்ட வண்டி இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினே இருக்காளாம். அதான்க்கா."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. மல்லிகா என் தோளைப் பிடிக்க வந்தாள். நான் தட்டிவிட்டேன்.

"ஏன் மல்லிகா உன் நம்பரைக் குடுத்தா? நான் செத்தா போய்ட்டேன்?"

"அக்கா, சேரும்போதே கேட்டாங்களாம், வீட்ல இந்தி தெரிஞ்சவங்க நம்பர் ஒண்ணு குடுன்னு. அவசரத்துக்கு. உனக்குத் தெரியாதுல்ல. அதுக்குத்தான் என்னுது. இதுல இன்னா இருக்கு?"

நியாயமான பதில். நான் யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் நியாயத்தைக் கேட்டு அடங்குகிற இடத்தில் அது இல்லை. இந்தி படிக்காமல் போனதற்காக வாழ்க்கையில் முதன்முறையாக அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வேலை முடிந்து வந்தார். கால்சட்டை முழுக்க ஈரம். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மல்லிகா எல்லோருக்கும் டீ போட்டாள். ஸ்வேதா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்றைக்கு அவள் காபி கேட்டுக் கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மல்லிகாவின் பெண் முழுசாகப் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுகூட எனக்கு வந்தது.

முதல் சுற்று

விளக்கு வைக்கிற நேரத்தில் வினோவே பேசினாள். நர்ஸ் ஒருவரின் போனிலிருந்து.

"சித்தி?" என்பதுதான் முதல் வார்த்தை. ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். பிறகு, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்" என்றேன். "எந்தக் கை?"

"எடது கைம்மா. முழங்கைக்குக் கீழ. சூடு எண்ணெய் தெறிச்சிடிச்சு. எழுதுற கை இல்ல."

நடந்ததைச் சொன்னாள். அந்தச் சுரங்கத்தில் ஒரு வழக்கம். தீயணைப்பு அமைப்பைச் சரிபார்த்து முடித்தவர், அந்த வண்டியின் முதல் சுற்றில் டிரைவரோடு ஏறிப் போக வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. நீ சரி என்று சொன்ன வண்டியில் நீயும் உட்கார். முன்பு ஒருமுறை இதைக் கேட்டபோது நல்ல வழக்கம் என்று நான் சொல்லியிருந்தேன். அப்போது அது வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ மாதிரி இருந்தது.

சுகதேவ் என்கிற டிரைவர். முழு லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள். என்ஜின் பக்கம் ஒரு எண்ணெய்க் குழாய் வெடித்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் டர்போ என்றொரு பாகம் அடுப்புக் கங்கு மாதிரி கொதிக்கும். எண்ணெய் அதன்மேல் பட்டதும் பற்றிக்கொண்டது.

"சைரன் அடிக்கலம்மா. பவுடர் வரல. சுகதேவ் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு மட்டும் ஒரு வாசனை வந்திச்சு."

"என்ன வாசனை?"

"தோல் பொசுங்குற வாசனை."

அந்த வாசனை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முடி எரிகிற மாதிரி, அதைவிடக் கனமாக இருக்கும்.

"சீட்டிலேர்ந்து எழுந்து பின்னைப் புடுங்கி குமிழை அடிச்சேன். பவுடர் வந்திச்சு. அவரு என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டாரு. ஏணில எறங்கும்போதுதான் கைல தெறிச்சது. கீழ வந்ததும் அவரு மூடியத் திறந்து பாக்கப் போறாரு. சட்டையப் புடிச்சு இழுத்தேன். நெருப்பு அணைஞ்சாலும் இரும்பு கொதிச்சிக்கிட்டே இருக்கும், காத்து பட்டா திரும்பப் பத்திக்கும். அப்பறம் தண்ணி வண்டி வந்து குளிர வெச்சாங்க."

"நல்ல வேளை. வாசனை வந்ததாலதான..." என்று ஆரம்பித்தாள் மல்லிகா.

"இல்ல சித்தி. அப்படிச் சொல்லாதீங்க." வினோவின் குரல் மாறியது. "அந்த வண்டில குழாய் ஒரசுற எடம் டர்போவுக்கு நேர் மேல. அங்கதான் உறை இருந்தது. அது சூட்டைத் தடுத்திடிச்சு. உறை இல்லன்னா குழாய் அப்பவே உருகி பவுடர் தானா வந்திருக்கும். எனக்கு வாசனையே வந்திருக்காது, வர வேண்டிய அவசியமும் இல்ல."

நான் அந்தப் பச்சை உறை போட்ட போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சூட்டை உணர வேண்டிய குழாய்க்கு, சூடு தெரியாமல் ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம். அவள் அளவு சொன்னாள், நான் தைத்தேன். இரட்டைத் தையல் போட்டு. எனக்கும் அவளுக்கும் மட்டும் என்று ஒரு விஷயம் இருக்க வேண்டும், அதில் மல்லிகாவுக்கு இடம் இருக்கக் கூடாது என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டது.

வேதியியல் படித்தவளுக்கு ஒரு நிமிஷம் அது தோன்றியிருக்கக் கூடாதா? எங்கே போடப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ, திரும்பவும் என்னிடம் எதையும் கேட்காமல் போய்விடுவாளோ என்றுதான் அன்றைக்கு எனக்கு ஓடியது.

"மத்த வண்டிலயும் போட்டிருக்கியா?" என்றேன்.

"சிலதுல. எல்லாத்தையும் நிறுத்திக் கழட்டச் சொல்லிட்டேன். மேனேஜர்கிட்டயும் நானே சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ரெஸ்ட் எடுங்கன்னாரு."

இரண்டு டிபன் பாக்ஸ்

கை கொஞ்சம் ஆறியதும் லீவு கொடுத்து அனுப்பினார்கள். சென்னை வந்து, அங்கிருந்து மதிய ரயிலில் ஆம்பூர். எந்த ரயில் என்று மல்லிகாவுக்குச் சொல்லக் கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். ஸ்டேஷனில் என் பிள்ளை முதலில் என் முகத்தைப் பார்க்கட்டும்.

பிளாட்பாரத்துக்குப் போனால் மல்லிகா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் டிபன் பாக்ஸ்.

"நீ எப்படி வந்த?"

"அவ நேத்து பேசினாக்கா. நீயும் வருவன்னு தெரியும். ஒண்ணா போலாம்னு உன் வீட்டுக்கு வந்தேன், நீ கெளம்பிட்ட." அவள் நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காரு. இன்னும் வரல."

என் பையிலும் டிபன் பாக்ஸ் இருந்தது. எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் தண்டவாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பிரியாணிக்கு வெங்காயம் வதங்குகிற வாசனை.

"அக்கா" என்றாள் மல்லிகா, என்னைப் பார்க்காமல். "அன்னைக்கு உன் கம்பெனி கேட் கிட்ட வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போய்டிச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆட்டோல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினே வந்தேன். இந்த நம்பர் பேஜாரு எனக்கு வேணாம்க்கா. நீ இந்தி கத்துக்கோ."

ரயில் வந்துவிட்டது.

நடுப்பெட்டியிலிருந்து இறங்கினாள். இடது கையில் வெள்ளைக் கட்டு. தோளில் பை. முகம் கறுத்து, இளைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மல்லிகா எழுந்து ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "பரவால்ல கண்ணு, வந்துட்ட இல்ல, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவள் கன்னத்தைத் தடவினாள். வினோ அந்தக் கையில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வழக்கமான இடம்தான்.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். மிக அருகில் வந்து நின்றாள். கட்டைத் தொடலாமா என்று தெரியாமல் என் கை பாதியில் நின்றது.

"அங்க எல்லாரும் பரவால்ல மேடம்னுட்டாங்க" என்றாள். "சுகதேவ் அண்ணன் வீட்ல கூப்புட்டு சோறு போட்டாங்க. சித்தி தெனம் பரவால்ல பரவால்லன்றாங்க. ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேம்மா நான். இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்னைத் திட்டல. நீயாச்சும் திட்டும்மா."